மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கப்பல்

அந்த லாரி தெருவுக்குள் திரும்பியபோது முதலில் வந்தது அதன் வாடைதான்.

சித்திரை மாதக் காலை. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் என்னுடைய பேண்டேஜ் துணி யூனிட். அதற்கு எதிர்ச்சாரியில் வன்னியராஜின் பட்டறை. பட்டறை வாசலில் லாரி நின்றது. பின்கதவைத் தட்டி இறக்கினார்கள். தார்ப்பாயை உருவினார்கள்.

உள்ளே ஒரு யானைக்குட்டி அளவுக்குக் கறுத்த இரும்பு. பக்கத்தில் நீளமான தண்டு ஒன்று. தண்டின் நுனியில் மூன்று இதழ்களோடு ஒரு பித்தளை விசிறி. விசிறி முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சிப்பி ஒட்டியிருந்தது.

உப்பு, மீன், டீசல். மூன்றும் கலந்த வாடை. கண்மாயையே வருஷத்தில் பாதி நாள் வெறும் தரையாகப் பார்த்துப் பழகிய எங்கள் தெருவுக்குக் கடல் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

டீக்கடை முத்தையா கிளாஸ் கழுவிய ஈரக் கையோடு ஓடிவந்தார். ஒரு சிப்பியை நகத்தால் நெம்பி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“யோவ், உப்புக் கரிக்குதுய்யா!”

“பின்ன, சீனி போட்டா அனுப்புவாக?” என்றான் வன்னியராஜ். “துப்பும்யா மொதல்ல. என்னமும் ஆயிறப் போவுது.”

என் யூனிட்டில் தறி ஓட்டும் செல்வி, முந்தானையில் பஞ்சுத்தூசியோடு வந்து நின்றாள்.

“யக்கா, இதுதான் கப்பலா?”

“கப்பல் இல்ல செல்வி. கப்பலோட என்ஜின்.”

“அப்ப கப்பலு?”

“கொல்லத்துல கெடக்கு.”

“இது இல்லாம அது எப்பிடிப் போவும்?”

“போவாது. அதான் இது இங்க வந்திருக்கு.”

நான் அந்த விசிறியில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. எம்புட்டுத் தண்ணீரைத் தள்ளிய உலோகம் இது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனம் அந்த அளவுக்கு விரியவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்பது குடத்தில் அளப்பது. டேங்கர் லாரியில் வருவது. அதன் மேலே ஏறிப் போகலாம் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நம்பியதில்லை.

நடுவில் இருந்த தண்ணீர்

இந்த இரும்பு இங்கே வந்ததற்குக் காரணம் நூர்ஜஹான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவளுடைய அத்தாவுக்குத் தேரடிப் பக்கம் செருப்புக்கடை. அவள் டாக்டருக்குப் படிக்கப் போனாள். நான் கவிதை எழுதினேன், கட்டுத்துணி விற்றேன். இரண்டு பேர் வேலையும் காயத்தைச் சுற்றியே இருந்ததால் எங்களுக்குப் பேச்சு தீர்ந்ததே இல்லை.

கட்டுத்துணி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் தறியைப் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், “இவ்வளவு ஓட்டையாக நெய்கிறீர்களே, ஏமாற்று வேலை இல்லையா” என்று வேடிக்கையாகக் கேட்டிருந்தார். ஐயா, நெருக்கி நெய்தால் அது வேட்டி. காயத்துக்குக் காற்றும் வேண்டும், மறைப்பும் வேண்டும். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

நூர்ஜஹான் கொல்லத்துக்குப் பக்கத்தில், காயல் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தாள். காயலுக்குள் சின்னச் சின்னத் தீவுகள். பலவற்றுக்குப் பாலம் கிடையாது. அங்கே காய்ச்சலும் பிரசவ வலியும் படகு நேரம் பார்த்துத்தான் வர வேண்டும் என்பாள்.

அந்தத் தீவு ஒன்றிலிருந்து கயிறு திரிக்கிற மனிதர் ஒருவர் அவளிடம் வந்தார். சர்க்கரை நோய். பாதத்தில் ஒரு புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். தனியாகத் துடுப்புப் போட்டு வர அரை நாள், திரும்ப அரை நாள். முதல் மாதம் ஒழுங்காக வந்தார். பிறகு மூன்று நாளுக்கு ஒருதரம் வந்தார். பிறகு வாரத்துக்கு ஒருதரம். கடைசியாக வந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அன்றைக்கு நூர்ஜஹான் எனக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒப்பித்தாள். பிறகு சொன்னாள்:

“மருந்து இருந்துச்சுட்டி. கட்டுத்துணி இருந்துச்சு, நீ அனுப்புனதுதான். நானும் இருந்தேன். எல்லாம் இருந்துச்சு. நடுவுல தண்ணியும் இருந்துச்சு.”

அடுத்த மாதம் வேலையை விட்டாள். ஆஸ்பத்திரியே தண்ணீர் மேல் போக வேண்டும் என்று ஒரு கப்பலைத் தேட ஆரம்பித்தாள்.

சாக்பீஸ் கோடுகள்

கிடைத்தது, ஒரு காலத்தில் ஆட்களை ஏற்றிப்போன பழைய இரும்புக் கப்பல். இரண்டு பஸ்ஸை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வருகிற நீளம். கொல்லத்தில் ஒரு படகுப் பட்டறையின் சேற்றில் சாய்ந்து கிடந்தது. அவளும் நாலைந்து டாக்டர் சிநேகிதர்களும் சேர்ந்து அதை வாங்கினார்கள்.

பார்க்க வா, வா என்று கூப்பிட்டாள். போனேன்.

எனக்குத் தெரிந்தது துரு மட்டும்தான். கைப்பிடியைத் தொட்டால் கையோடு உதிர்ந்து வந்தது. மேல்தளத்தில் ஒரு கொக்கு நின்று எங்களை முறைத்தது. நூர்ஜஹானோ செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்த கட்டங்களுக்குள் புகுந்து புகுந்து நடந்தாள்.

“இது பிரசவ அறை. இது லேப். இங்கன ஊசி மருந்து வைக்க ஃபிரிட்ஜ். ஏட்டி, அங்க நிக்காத, அது சுவரு.”

நான் தள்ளி நின்றேன். வெறும் காற்றுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

பட்டறைக்காரர் ஒரு கெடு வைத்திருந்தார். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அங்கே மீன்பிடிப் படகுகள் எல்லாம் பழுது பார்க்க வந்துவிடும், இடம் வேண்டும். மழை விழுவதற்குள் இந்தக் கப்பல் தன் சொந்த என்ஜினில் ஓடி, அரசாங்க ஆய்வாளரிடம் சான்று வாங்கி வெளியேறியாக வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி இரும்பாகப் போட்டுவிடுவார்கள்.

அந்த என்ஜினோ செத்துக் கிடந்தது. அதைச் செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. உதிரிப் பாகம் உலகத்தில் எங்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கூடப்பிறந்தவன்

நூர்ஜஹான் அந்த என்ஜினின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். என் தறியைப் பழுது பார்க்க வந்த வன்னியராஜிடம் சும்மா காட்டினேன்.

வன்னியராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் ஓரத்து நூல் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன். மில் மூடிய பிறகு சொந்தப் பட்டறை வைத்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். இரும்போடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசமாட்டான்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். இன்னும் பெரிதாக்கினான்.

“யக்கா, இவன எனக்குத் தெரியும்.”

“யார?”

“இந்த என்ஜினத்தான். இவன் கூடப்பொறந்தவன் நம்ம மில்லுல நிக்கான்.”

அன்றைக்கு மத்தியானமே போனோம். வாட்ச்மேன் பூட்டைத் திறக்கப் படாத பாடு பட்டார். மில்லின் பவர் ரூமுக்குள் புறா எச்சமும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம். மேல் ஜன்னலிலிருந்து ஒரு துண்டு வெயில். அதற்குக் கீழே, பச்சைப் பெயிண்டுக்குள், அதே யானைக்குட்டி.

வன்னியராஜ் அதைச் சுற்றி வந்தான். பக்கவாட்டில் பெயிண்ட் மேடாக இருந்த ஓரிடத்தைத் திருப்புளியால் சுரண்டினான். பித்தளைத் தகடு தெரிந்தது. கழிவுப் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கப்பலுக்காகச் செய்யப்பட்ட என்ஜின் என்று அந்தத் தகடு சொன்னது.

அவன் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

“எத்தன வருசமா இதுக்கு எண்ணெய் ஊத்தியிருக்கேன்க்கா. எனக்கே தெரியாது பாருங்க. கடல்ல போக வேண்டிய பய, இங்க வந்து நமக்குப் பஞ்சு நூத்துக்கிட்டு நின்னுருக்கான்.”

நான் அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கரண்ட் போனால் மில் செத்த நேரம் மௌனமாக இருக்கும். பிறகு உள்ளேயிருந்து தொம், தொம், தொம் என்று கிளம்பும். எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் அந்தத் தாளத்துக்கு நடுங்கும். நான் அந்தத் தாளத்தில் வாய்ப்பாடு சொல்வேன். மேற்கே மலை, மற்ற மூன்று பக்கமும் பருத்திக்காடு. நடுவில் ஒரு தெருவே கப்பல் சத்தத்தில் வளர்ந்திருக்கிறது. எங்களிடம் சொல்லத்தான் யாரும் இல்லை.

மில் முதலாளி குடும்பத்தாரிடம் கேட்டதும், நல்ல காரியம்தானே, வேண்டியதைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன் பிறகுதான் அந்த லாரி கொல்லத்திலிருந்து மலையேறி வந்தது.

இரண்டு உடம்பு, ஓர் உயிர்

ஒரு மாதத்துக்கு மேல் என் யூனிட்டின் தறிச் சத்தத்துக்கு எதிர்ப்பாட்டாகப் பட்டறையில் சம்மட்டிச் சத்தம்.

கப்பல் என்ஜினின் மூடியில் விரிசல். மில் என்ஜினின் மூடி நன்றாக இருந்தது. மில்லில் இருந்ததன் பிஸ்டன் தேய்ந்திருந்தது, கப்பலுடையது தேயவில்லை. இப்படி இரண்டையும் பிரித்துப் போட்டு ஒன்றாக்கினான் வன்னியராஜ். லேத் பட்டறை ராஜு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “பதுக்குதுந்திரா” என்று சொல்லிப்போவார். பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

கப்பலில் என்ஜின் உட்காரும் இரும்புச் சட்டமும் துருவில் இற்றுப்போயிருந்தது. அதையும் புதிதாகச் செய்ய வேண்டும். அளவெடுக்க ஒருதரம் வாருங்கள் என்று நூர்ஜஹான் கூப்பிட்டாள். வன்னியராஜ் அசையவில்லை.

“மில்லு ஃபவுண்டேஷன் டிராயிங் என்கிட்ட இருக்கு டாக்டரம்மா. கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன்.”

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். கண்மாய்க் கரையில்கூட உள்பக்கமாகத்தான் நடப்பான்.

வெள்ளோட்டத்தன்று புதுச் சட்டத்தைப் பட்டறையின் கான்கிரீட் தரையில் இறுக்கி, அதன் மேல் என்ஜினை ஏற்றினார்கள். சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். “குமிழி நடுவுல செத்துக் கெடக்கு பாத்தியளா? ஒரு நூல் அங்கிட்டு இங்கிட்டு இல்ல.”

காற்று சிலிண்டரைத் திறந்தான். அழுத்திய காற்றுதான் அந்த என்ஜினை முதலில் உதைத்துக் கிளப்பும். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. ஓர் இருமல். இன்னொன்று.

தொம். தொம். தொம்.

முத்தையா கடைப் பலகையில் டீ கிளாஸ்கள் தாமாகவே நகர்ந்தன. என் யூனிட் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் உள்ளங்காலில் தொடங்கிய அதிர்வு முழங்கால் வழியாக நெஞ்சுக்கு ஏறி, வாய்ப்பாட்டில் எங்கோ ஒரு வரியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அழுதேனா என்று தெரியவில்லை. முகம் ஈரமாக இருந்தது.

மட்டம்

என்ஜினும் தண்டும் சட்டமும் கொல்லத்துக்குப் போயின. சட்டத்தைக் கப்பலில் வெல்டிங் வைத்து, தண்டையும் பொருத்தினார்கள். கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். கிரேன் வைத்து என்ஜினைச் சட்டத்தில் உட்காரவைத்தார்கள். கிரேன் போய்விட்டது.

அதற்கு மறுநாள் போன் வந்தது.

“ஏட்டி, சேர மாட்டேங்குது.”

“எது?”

“என்ஜினும் தண்டும். வாயும் வாயும் பொருந்தல. வன்னியராஜ் இருந்தா குடு.”

அவன் போனை வாங்கிக் கேட்டான். கேட்கக் கேட்க முகம் சுண்டிப்போனது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தான்.

“கப்பல்ல தண்டு சாஞ்சு எறங்குமாம்க்கா. விசிறி தண்ணிக்குள்ள கெடக்கணும்ல? அப்ப என்ஜினும் மொகத்தத் தூக்கிக்கிட்டுச் சாஞ்சுதான் உக்காரணும். நான் மட்டமா செஞ்சு வச்சிருக்கேன்.” கையிலிருந்த ரசமட்டத்தைப் பார்த்தான். “மில்லுல ஒரு நூல் சாஞ்சா ஃபோர்மேன் கொன்னுபோடுவாரு. என்ஜின்னா மட்டமா நிக்கும். எனக்கு அம்புட்டுத்தான தெரியும்?”

மில் ஆள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அவ்வளவு சுத்தமான பிழை. தப்பே இல்லாமல் செய்த தப்பு.

சட்டத்தை வெட்டி மாற்ற வேண்டுமானால் என்ஜினைத் திரும்பத் தூக்க வேண்டும். கிரேன் இனி மழைக்குப் பிறகுதான். எங்கள் ஊருக்கு மேலே மலை உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. மேல்காற்று தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் மழை தயாராகிவிட்டது என்பதை எங்களுக்கு இந்தக் காற்றுதான் சொல்லும்.

செல்வி தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் தொடவில்லை.

வழி சொன்னது நூர்ஜஹான்தான். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள்.

“என்ஜினக் கழட்ட வேண்டாம். அதோட காலுக்கு அடியில ஆப்பு வச்சுத் தூக்கினா போதும்னு இங்க சொல்லுதாக. எட்டுக் காலு. எட்டும் வேற வேற சாய்வு, கப்பலே லேசா முறுக்கிக்கிட்டு நிக்கி. அம்புட்டு நுணுக்கமா ஆப்பு சீவ இங்க ஆளில்ல. ஏட்டி, நம்ம ஊர்ல தேருக்குக் கட்ட வெட்டுறவிய இருக்காவள்ல?”

தேர்க்கட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை இழுப்பதற்கு வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இல்லை. சக்கரத்துக்கு ஒட்டியே குனிந்து ஓடுகிற சிலர், சறுக்குக்கட்டை என்கிற ஆப்பைச் சரியான நொடியில் சக்கரத்தின் வாயில் கொடுப்பார்கள். அந்தக் கட்டையின் சாய்வைப் பொறுத்துத் தேர் நகரும், திரும்பும், நிற்கும். செருப்புக்கடை வாசலில் நின்று நூர்ஜஹான் சிறுவயதில் பார்த்தது தேரை இல்லையாம், அந்தக் கட்டைகளைத்தானாம். இத்தனை வருஷம் பழகியும் இதை என்னிடம் அவள் சொன்னதில்லை.

மம்சாபுரம் ரோட்டில் ரெங்கன் அண்ணாச்சியின் மரப்பட்டறை. ஆள் ஒல்லி. காதில் பென்சில். வன்னியராஜ் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினான். அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து கேட்டார்.

“எம்புட்டுக் கனம்?”

வன்னியராஜ் சொன்னான்.

“நம்ம தேருக்கு முன்னால இது சுண்டைக்கா. சரி, இத எவன்வே மட்டமா செஞ்சான்?”

வன்னியராஜ் தொண்டையைச் செருமினான். “நாந்தான் அண்ணாச்சி.”

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா செஞ்சிருக்கீரு. மட்டமாத்தான் இருக்கு.”

நான் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தேன்.

“அளவு எல்லாம் டாக்டரம்மா அனுப்பியிருக்காக,” என்று வன்னியராஜ் போனை நீட்டினான்.

“அத மடக்கி உள்ள வையும். கட்டைய எடத்துல வச்சுப் பாத்துத்தான் சீவணும். தேரு நிக்கிற எடத்துக்கு நான் போவனா, தேரு என் வீட்டுக்கு வருமா? கெளம்பும், போவோம்.”

“நானுமா? எனக்குத் தண்ணின்னா ஆகாது அண்ணாச்சி.”

“எனக்கு மட்டும் ஆகுமாக்கும்? நீச்சல் தெரியாது. கட்டையோடதான போறோம், மெதக்கும்.”

“வைரம் பாஞ்ச புளி மெதக்காது அண்ணாச்சி.”

அண்ணாச்சி யோசித்தார். “அப்ப உம்மை நான் புடிச்சுக்கிடுதேன், என்னைய நீரு புடிச்சுக்கிடும்.”

கொல்லம் ரயிலில் நாங்கள் மூன்று பேர், சாக்கில் கட்டிய புளியங்கட்டைகள், ஓர் உளிப் பை. செங்கோட்டை தாண்டிக் குகைக்குள் நுழைந்தபோது வெயில் இருந்தது. வெளியே வந்தபோது ஜன்னல் கம்பி ஈரமாக இருந்தது. வன்னியராஜ் அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

குமிழி நடக்கிறது

நான் அந்தக் கப்பலை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை. சாக்பீஸ் கோடுகள் எழுந்து நின்று சுவர்களாகியிருந்தன. பிரசவக் கட்டிலைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். கை கழுவும் தொட்டியில் குழாய். மருந்து அலமாரியில் புட்டிகள் சாயாமல் இருக்கக் குறுக்குக் கம்பி. நான் உள்ளே போகத் தயங்கி நின்றேன். இந்தத் தடவை ஒதுங்கி நிற்க உண்மையான சுவர் இருந்தது.

வன்னியராஜ் கண்ணை மூடிக்கொண்டு, அண்ணாச்சியின் இடுப்புத் துண்டைப் பிடித்தபடி பலகை மேல் நடந்து ஏறினான். ஏறியதும் என்ஜின் அறைக்குள் இறங்கி, பழக்கத்தில் ரசமட்டத்தை எடுத்து வைத்தான். குமிழி அந்தக் கோடிக்குப் போனது. திரும்பி இந்தக் கோடிக்கு வந்தது. தண்ணீர் மூச்சு விடுகிற தாளத்துக்கு அது நடந்துகொண்டே இருந்தது. அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதத் தூக்கி உள்ள போடும்வே,” என்றார் அண்ணாச்சி. “இங்க அது செல்லாது.”

இரண்டு நாள் சீவினார். ஒரு கட்டையைக் காலுக்கு அடியில் கொடுப்பார், சுத்தியால் ஒரு தட்டு, குனிந்து பார்ப்பார், உருவுவார், நகக்கண் அளவு சீவுவார். வன்னியராஜ் மறுபக்கம் படுத்துக்கொண்டு, என்ஜின் வாய்க்கும் தண்டு வாய்க்கும் நடுவில் மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்துச் சொல்வான்: “மேல இன்னும் ஒரு மயிரிழை... கீழ போதும்... போதும் அண்ணாச்சி.”

மூன்றாம் நாள் காலை அந்தத் தகடு சுற்றிலும் ஒரே இறுக்கத்தோடு போய்வந்தது. எட்டுப் புளியங்கட்டைகளின் மேல் அந்த இரும்பு முகத்தைத் தூக்கி உட்கார்ந்திருந்தது. போல்ட்டுகளை முறுக்கினார்கள்.

ஒரே ஒரு குறை. காற்று சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரசர் இன்னும் சரியாகவில்லை. கரையில் நிரப்பிக் கொண்டுவந்ததுதான்.

“ஒரு தடவ நிச்சயமா கெளம்பும் டாக்டரம்மா,” என்றான் வன்னியராஜ். “ரெண்டாவது தடவைக்குக் காத்து பத்துமான்னு என்னால சொல்ல முடியாது.”

நின்ற கப்பல்

ஆய்வாளர் குடையோடு வந்தார். வானம் கறுத்திருந்தது, மழை விழவில்லை. தமிழ் தெரிந்த மனிதர். காயலின் மறுகோடி வரை போய்த் திரும்ப வேண்டும், வழியில் என்ஜின் நின்று இழுத்துவர வேண்டி வந்தால் சோதனை தோல்வி, அடுத்த தேதி மழைக்கு அப்புறம் என்று தெளிவாகச் சொன்னார். அடுத்த தேதி என்று ஒன்று கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வன்னியராஜ் காற்றைத் திறந்தான்.

தொம். தொம். தொம்.

கரை எங்களை விட்டு நகர்ந்தது. நாங்கள் நகர்கிறோம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, தென்னை மரங்களின் நிழல்களை மடித்து மடித்து ஒதுக்கியது. நான் வீட்டு அலமாரி டம்ளர்களில் கேட்ட தாளம், எங்கள் ஊருக்கு நூல் நூற்ற தாளம், ஒரு வெள்ளை ஆஸ்பத்திரியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மேல் போனது. ரெங்கன் அண்ணாச்சி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “யாத்தே, யாத்தே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் ஒரு தீவு. சின்னப் படித்துறை. அதில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று, பஸ்ஸை நிறுத்துவது மாதிரி கை காட்டினாள். ஆட்களை ஏற்றிப்போகும் படகு என்று நினைத்துவிட்டாள்.

நூர்ஜஹான் கம்பி ஓரமாக நின்றிருந்தாள். குழந்தையைப் பார்த்தாள். தூரத்திலேயே எதையோ பார்த்துவிட்டாள். அந்தக் குழந்தையின் வயிறும் நெஞ்சும் ஏறி இறங்கிய வேகத்தை என்று பிறகு சொன்னாள்.

“வன்னியராஜ், நிறுத்துங்க.”

வன்னியராஜ் கீழேயிருந்து தலையை நீட்டினான். “டாக்டரம்மா, நிறுத்துனா திரும்பக் கெளம்புமான்னு...”

“தெரியும். நிறுத்துங்க.”

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டுப் படிப்பக்கம் நடந்தாள்.

மறுபடி கிளம்பியதா என்று கேட்பீர்கள். கிளம்பியது. சிலிண்டரின் கடைசி மூச்சில், மூன்றாவது இருமலில் பிடித்துக்கொண்டது. ஆய்வாளர் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். கப்பல் பட்டறையை விட்டு வெளியேறியது. இரண்டு நாள் கழித்து மழை கொட்டியது. இன்றைக்கும் அந்தத் தீவுகளுக்குக் கிழமை வைத்துப் போய்வருகிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, கிளம்புவதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரத்தை.

என்ஜின் நின்றுவிட்டது. கப்பலின் இரும்பில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். குழந்தையோடு கப்பலுக்குள் ஏறி வந்த அந்தத் தாய் மலையாளத்தில் எதையோ வேகவேகமாகச் சொன்னாள். ஆய்வாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அண்ணாச்சி செருமினார். என்ஜின் அறைப் படியில் பாதி ஏறி நின்ற வன்னியராஜ், எண்ணெய் படிந்த விரலை உதட்டில் வைத்து எங்கள் எல்லோரையும் பார்த்து, ஒருத்தரும் மூச்சு விடாதீங்க என்பதுபோல் தலையை ஆட்டினான்.

நாங்கள் அடங்கினோம். நூர்ஜஹான் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்ன முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள்.